ஈயம் எங்கேயும் போவதில்லை!

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஓர் ஈயப் பயணம்

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்று நம் ஊரில் சொல்வார்கள். பாவம், ஈயம்! தங்கம், வெள்ளி, செம்பு என்று மற்ற உலோகங்களுக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. ஈயத்துக்குக் கிடைத்தது கேலிதான். கேட்கக் கூடாத பேச்சைக் கேட்டால்கூட "காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருக்கு" என்போம்.

அந்த ஈயத்துக்கு ஒரு மாநிலமே மரியாதை செய்கிறது. நமக்கு மாநில மரம் பனை, மாநில விலங்கு வரையாடு என்று இருப்பதுபோல, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்கு மாநிலக் கனிமம் என்று ஒன்று உண்டு. 1967-ல் அவர்கள் தேர்ந்தெடுத்தது கலீனா. காரீயம் கிடைக்கும் தாது அது. சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல், சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்கும்.

மேலே போகும் முன் ஒரு சின்ன விளக்கம். தமிழில் நாம் 'ஈயம்' என்று சொல்வது இரண்டு உலோகங்களை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, ரசம் வைக்க ஈயச் சொம்பு வாங்குகிறோமே, அது வெள்ளீயம். பேட்டரியிலும், மீன்வலைக் குண்டிலும், துப்பாக்கிக் குண்டிலும் இருப்பது காரீயம். முன்னது சமையல்கட்டுக்கு வரலாம். பின்னது வரவே கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க ஈயம் என்று நான் சொல்வது காரீயத்தைத்தான்.

காரீயத்தோடு எனக்குப் பழைய உறவு உண்டு. மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் 14 வருடம் கம்பாசிட்டராக இருந்தேன். கேஸ் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்த காலம். அந்த எழுத்துகள் எல்லாம் ஈயம்தான். இப்போது மகன் செயின்ட் லூயிஸில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது, "அப்பா, இங்கிருந்து தெற்கே போனா எல்லாமே ஈயச் சுரங்க ஊர்தான். என் ஆபீஸ் நண்பரோட அப்பா அங்கேதான் இருக்கார். வீட்டிலேயே ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கறார், போட்டிக்குச் சுடறதுக்காக. பார்க்கறீங்களா?" என்று கேட்டான். உடனே சரி என்றேன். மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன் எல்லோருமாக ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

மலையே கோபுரம்

செயின்ட் லூயிஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 192 மீட்டர் உயரமுள்ள அந்த எவர்சில்வர் வளைவு. அதைப் பின்னால் விட்டு, மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே தெற்கே காரில் ஒரு முக்கால் மணி நேரம் போனால் ஹெர்குலேனியம் வருகிறது. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-ல் பாம்பெய்யோடு சேர்த்துப் புதைத்த ரோமானிய நகரத்தின் பெயர்தான் இதற்கும். 1808-ல் இந்த ஊரை உருவாக்கியவர்களில் ஒருவர் மோசஸ் ஆஸ்டின். ஈய வியாபாரி. டெக்சாஸ் மாநிலத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஸ்டீஃபன் ஆஸ்டினின் அப்பா. உள்நாட்டுச் சுரங்கங்களில் கிடைத்த ஈயத்தை ஆற்று வழியாக வெளியூருக்கு அனுப்ப அவருக்கு ஒரு துறை தேவைப்பட்டது. அதற்காகப் பிறந்த ஊர் இது.

ஆற்றோரம் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. 1809-ல் ஜான் மாக்லோ என்பவர் இந்தப் பாறையைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்று ஒரு ஈயக் குழாய் வேலைக்காரர். 18-ம் நூற்றாண்டுக்காரர். வேட்டைத் துப்பாக்கிக்குப் போடும் சின்ன ரவைகளை உருண்டையாகச் செய்வது அப்போது பெரிய பாடு. வாட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாக ஊற்றினால், விழும் ஒவ்வொரு சொட்டும் காற்றிலேயே தானாக உருண்டை ஆகிவிடும். மழைத்துளியும் பாதரசச் சொட்டும் உருண்டு திரள்கிற அதே கணக்கு. கீழே வந்து சேர்வதற்குள் பாதி இறுகிவிடும். அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் நசுங்காமல் முழுதாக இறுகிவிடும். ஈயத்தில் துளி ஆர்சனிக் கலந்தால் உருண்டை இன்னும் நன்றாக வரும். 1782-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உயரம் வேண்டுமே என்று தன் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பிவிட்டார் மனிதர்!

அதன்பிறகு உலகத்தில் பல ஊர்களில் இப்படி ரவைக் கோபுரங்கள் எழுந்தன. மெல்போர்னில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மெல்போர்ன் சென்ட்ரல் மாலுக்குப் போயிருப்பீர்கள். கண்ணாடிக் கூம்புக்கு உள்ளே 50 மீட்டர் உயரத்தில் ஒரு செங்கல் கோபுரம் நிற்குமே, அதுவும் இந்த ரகம்தான்.

மாக்லோவுக்குக் கோபுரம் கட்டும் செலவே இல்லை. பாறை விளிம்பில் உலை, பாறை அடியில் தண்ணீர், பக்கத்திலேயே ஆறு. மலையே கோபுரம்! 1812-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டபோது இங்கே வார்த்த குண்டுகளுக்கு நல்ல கிராக்கி.

"தாத்தா, இங்கேருந்து கல்லைப் போட்டா எவ்ளோ நேரத்துல கீழே விழும்?" என்றான் பேரன். "ஈயம் போட்டாலும் கல் போட்டாலும் ஒரே நேரம்தான்டா" என்றேன். நம்பவில்லை.

புல் முளைத்த தெருக்கள்

ஹெர்குலேனியத்தின் இன்னொரு முகத்தை ஊருக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். 1892-ல் இங்கே ஈயம் உருக்கும் பெரிய ஆலை வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறு போட்டது. தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுக்கும் ஆலைகள் அமெரிக்காவில் ஒவ்வொன்றாக மூடப்பட, கடைசியாக மிஞ்சியது இதுதான். 2013 டிசம்பர் கடைசியில் இதுவும் மூடப்பட்டது.

காரணம் காற்று. தாது ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும் தெருக்களின் தூசியிலேயே ஈயம் கலந்திருப்பது 2001-ல் வெளியே வந்தது. ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்த சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. பிறகு நிறுவனமே சுற்றிலும் இருந்த சுமார் 160 வீடுகளை விலைக்கு வாங்க முன்வந்தது. 2008-ல் காற்றில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் அளவை அமெரிக்க அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் என்பது 0.15 ஆனது. அந்த அளவுக்குப் பழைய ஆலையை மாற்றக் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் மூடிவிட்டது.

சில தெருக்களில் இப்போது புல்தான். வீட்டுக்குப் போகும் சிமென்ட் பாதை இருக்கிறது, வீடு இல்லை. மருமகள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு காரை விட்டு இறங்கவே இல்லை. "மாமா, மண்ணை மட்டும் தொட வேண்டாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஈயம் துருப்பிடித்து உதிர்ந்து போகிற உலோகம் இல்லை. மக்காது, ஆவியாகிப் பறக்காது. தூசியாக விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். சின்னக் குழந்தைகள் கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். உள்ளே போனால் எலும்பில் தங்கும். படிப்பும் கவனமும் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

நல்ல மண் என்ற ஊர்

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பான் டெர். பிரெஞ்சு மொழியில் 'நல்ல மண்' என்று பொருள். 18-ம் நூற்றாண்டில் ஈயம் தேடி இந்தப் பக்கம் முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் வைத்த பெயர்கள் இன்னும் வழிநெடுக இருக்கின்றன.

பான் டெர் ஊருக்கு அடியில் இன்னோர் ஊர் இருக்கிறது. 1864-ல் தொடங்கி சுமார் நூறு வருடம் குடைந்த சுரங்கம். 1960-களின் தொடக்கத்தில் வேலை நின்றது, பம்புகளும் நின்றன. நிலத்தடி நீர் ஏறி நிரம்பிவிட்டது. இப்போது அது சுற்றுலாத் தலம். மேல் தளத்தில் நடந்து பார்க்கலாம், படகில் போகலாம், பயிற்சி உள்ளவர்கள் முக்குளிக்கலாம். பாறையையே தூணாக விட்டு விட்டுக் குடைந்திருக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலை யாரோ நிலத்துக்கு அடியில் தண்ணீரில் இறக்கி வைத்ததுபோல இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீருக்கு அடியே பழைய வேலைக் கருவிகள் அப்படியே தெரிகின்றன. கோடையிலும் உள்ளே குளிரும். ஸ்வெட்டர் அவசியம்.

பக்கத்து ஊர் பார்க் ஹில்ஸ். இங்கே 1972-ல் சுரங்க வேலை முடிந்ததும், நிறுவனம் பழைய ஆலையையும் நிலத்தையும் அரசுக்குக் கொடுத்துவிட்டது. ஆலைக்கு மின்சாரம் கொடுத்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். சுரங்க இயந்திரங்களும், கண்ணாடி அலமாரிகளில் விதவிதமான கனிமங்களும் வைத்திருக்கிறார்கள். இருட்டு அறையில் சில கற்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிர்வதைப் பார்த்து, பேரன் அங்கிருந்து நகரவே மறுத்துவிட்டான்.

வெளியே துருப்பிடித்த ஆலை. அதற்கு அப்பால் பாலைவனம் மாதிரி ஒரு மணல்வெளி. அது ஆற்று மணலும் இல்லை, கடல் மணலும் இல்லை. தாதுவை அரைத்து ஈயத்தை எடுத்தபின் கொட்டிய சக்கை. இந்த வட்டாரம் முழுக்க அப்படிக் குன்று குன்றாகக் கொட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் மக்கள் அதை அள்ளி வீட்டு வாசலில் பரப்பினார்கள், ரோடு போட்டார்கள், குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியிலும் கொட்டினார்கள். சும்மா கிடைத்த மணல்தானே! அதற்குள் ஈயம் மிச்சம் இருக்கும் என்று பின்னாளில்தான் உறைத்தது. இன்றுவரை சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பெரியவரின் பட்டறை

மகனின் நண்பருடைய அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம், மரத்தடியில் ஒரு கொட்டகை. இரண்டு பக்கமும் திறந்திருந்தது. பெரிய மின்விசிறி வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ளியது.

வாசலில் ஒரு மஞ்சள் கோடு. "சின்னவர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும். என் பேரப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேரன் கோட்டுக்கு வெளியே போய் நிற்கும்வரை உலைப் பக்கம் போகவில்லை.

அவர் சுடுவது .32 காலிபர் ரிவால்வரில். ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் குண்டு. வேட்டைக்கோ பாதுகாப்புக்கோ இல்லை, காகித இலக்குக்கு மட்டும். "ஒரே இடத்தில் ஐந்து ஓட்டை விழ வேண்டும். அதுதான் என் பைத்தியம்" என்றார். இந்த வகைப் போட்டி நமக்கும் அந்நியம் இல்லை. 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா, 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் 600-க்கு 590 எடுத்து, உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இதே .32 குண்டைத்தான். பாரிஸில் இரண்டு பதக்கம் வென்ற மனு பாக்கரின் பயிற்சியாளரும் அந்த ஜஸ்பால் ராணாதான்.

ஒரு குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கூர்மையாக இருக்கும் என்று நினைத்தால், சாக்பீஸை நறுக்கிய துண்டு மாதிரி முனை தட்டையாக இருந்தது. "கூர் முனை காகிதத்தைக் கிழிக்கும். தட்டை முனை பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமாக வெட்டி எடுக்கும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டையே வராது" என்றார். எடை ஆறரை கிராம் சொச்சம். ரவைபோல் இதைக் கோபுரத்திலிருந்து சொட்டவிட்டுச் செய்ய முடியாது. அச்சில்தான் வார்க்க வேண்டும்.

"கடையில் கிடைக்காதா?"

"தேடினால் கிடைக்கும். எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். வாரம் நூறு குண்டு சுடுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. அதைவிட, நானே வார்த்தால் என் துப்பாக்கிக்குச் சரியான அளவில் வார்க்கலாம்."

உலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு படி அரிசி பொங்கும் பானை அளவுக்கு மின்சார உலை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அவர் அதற்கு மேல் சற்றுக் கூட்டியே வைக்கிறார். முகத்துக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, கோடையிலும் முழுக்கைச் சட்டை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. "உருகின ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும். நீராவியாகி வெடிக்கும், பானையில் இருப்பதெல்லாம் மேலே வரும்" என்றார்.

அச்சு, பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடியோடு இருந்தது. இரண்டு பாதியும் மூடினால் நடுவில் குண்டின் வடிவில் குழி. மேலே ஒரு தகடு, அதில் ஊற்றும் துளை. ஊற்றி, மேலே தேங்கிய ஈயம் இறுகும் வரை சில நொடி பொறுத்து, மரக்கட்டையால் தகட்டைத் தட்டினால் மிச்ச ஈயம் வெட்டுப்படும். அச்சைத் திறந்தால் குண்டு பழைய துண்டின் மேல் தொப்பென்று விழும்.

முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் சுருக்கம் சுருக்கமாக வந்தன. எல்லாவற்றையும் திரும்பப் பானையில் போட்டார். அச்சு இன்னும் சூடேறவில்லையாம். "எங்க வீட்டில் முதல் தோசையும் இப்படித்தான் வரும்" என்று மகன் மொழிபெயர்த்துச் சொல்ல, பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் விழுந்தவை எல்லாம் கண்ணாடி மாதிரி. அச்சு அதிகம் சூடானால் மேலே பனி படர்ந்ததுபோல் மங்கலாக வருமாம். கடைசியாக ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, பக்கவாட்டுப் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு தடவி வைக்கிறார். மெழுகு இல்லாவிட்டால் ஈயம் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

வெறும் ஈயம் மட்டும் அச்சின் மூலை முடுக்குக்கெல்லாம் ஓடாது. அதற்காகக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்கிறார். ஆம், நம் ஈயச் சொம்பு ஈயமேதான். கடினம் வேண்டும் என்றால் ஆன்டிமனி. ஆனால் இலக்குக் குண்டு மெதுவாகப் போகிற குண்டு. அதிகக் கடினம் வேண்டியதில்லை.

நம் ஊரில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். அங்கே சொந்த உபயோகத்துக்கு வார்த்துக்கொள்ளத் தடை இல்லை. ஊருக்கு ஒரு சட்டம்.

எங்கிருந்து வருகிறது?

"இவ்வளவு ஈயச் சுரங்கத்துக்கு நடுவே இருக்கிறீர்கள், ஈயத்துக்குக் கவலையே இல்லை" என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். "இந்தப் பானையில் இருப்பதில் ஒரு துளிகூடச் சுரங்கத்திலிருந்து நேராக வந்தது இல்லை."

கார் சக்கரத்தின் ஓரத்தில் சமநிலைக்காக ஒரு சின்ன எடை மாட்டியிருப்பார்களே, அது முன்பெல்லாம் ஈயம். டயர் கடைகளில் வாளி வாளியாகக் கொடுப்பார்களாம். இப்போது பல இடங்களில் ஈய எடைக்குத் தடை. ஐரோப்பாவில் 2005-லேயே வந்துவிட்டது. அதனால் வாளியில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. துத்தநாகம் கலந்துவிட்டால் பானை மொத்தமும் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரிக்கிறார். அடுத்தது, இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு. சுட்ட குண்டெல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். அவருடைய கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை மேட்டைச் சலித்து ஈயத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். போன வருடம் சுட்ட குண்டை இந்த வருடம் மறுபடி வார்த்துச் சுடுகிறார்.

ஹெர்குலேனியம் ஆலை மூடியபோது, இனி குண்டே கிடைக்காது என்று துப்பாக்கிக்காரர்களிடையே பெரிய புரளி கிளம்பியதாம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அமெரிக்காவில் குண்டுக்குப் போகும் ஈயம் பெரும்பாலும் மறுசுழற்சி ஈயம். பழைய பேட்டரிகளை உருக்கி எடுப்பது.

"இது புதுசு இல்லை. 1776-ல் நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைச் சாய்த்தார்கள். கனெக்டிகட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து குண்டு வார்த்தார்கள். 42,088 குண்டு. கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னரின் சிலையே மன்னரின் படைமேல் பாய்ந்தது" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே நீளவாக்கில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். பார்த்த உடனே எனக்குக் கை பரபரத்தது. லைனோடைப் வரிகள்! பக்கத்து ஊர்ப் பத்திரிகை அச்சகம் மூடியபோது எடைக்கு வாங்கியதாம். நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். குண்டு வார்க்கிறவர்களுக்கு இது பொக்கிஷம்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக இருக்கும். அதைப் படிப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது. ஆங்கிலமாக இருந்தாலும் கண் தானாகப் படித்தது. ஞாயிறு மாலை தேவாலயத்தில் எல்லோருக்கும் விருந்து உண்டு, பாத்திரம் கொண்டுவரவும் என்று ஓர் அறிவிப்பு. படித்துச் சொன்னதும் பெரியவர் வாயடைத்துப் போனார். இத்தனை வருடமாக அவர் அதை வெறும் உலோகமாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

எங்கள் அச்சகத்திலும் ஆஃப்செட் வந்தபிறகு எழுத்தெல்லாம் எடைக்குத்தான் போனது. எத்தனை கல்யாணப் பத்திரிகை, எத்தனை தேர்தல் நோட்டீஸ் அடித்த எழுத்து! மீன்வலைக் குண்டாகவோ, பேட்டரித் தகடாகவோ இன்றும் எங்கோ இருக்கும். அந்த நாளில் கை கறுத்திருக்க அப்படியே டீயும் வடையும் சாப்பிடுவோம். சாயங்காலம் ஒரு வாழைப்பழம் தின்றால் ஈயம் இறங்கிவிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பழம் நல்லதுதான், ஆனால் ஈயத்தை இறக்காது.

பெரியவர் செய்வது வேறு. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கவில்லை. பெருக்கினால் தூசி பறக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தார். மேலே மிதந்த சாம்பல் கசடை மூடி போட்ட டப்பாவில் அடைத்தார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். செருப்பைக் கொட்டகையிலேயே விட்டார், சட்டையைத் தனி வாளியில் போட்டார். அதற்கப்புறம்தான் மஞ்சள் கோட்டைத் தாண்டிவந்து பேரனுக்குக் கை கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்க்கிறாராம். "சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் இதெல்லாம் யார் சொன்னார்கள்? ஈயம் எங்கேயும் போவதில்லை, சார். யார் கையிலாவது இருந்துகொண்டே இருக்கும். என் கையில் இருக்கும்வரை பொறுப்பு என்னுடையது" என்றார்.

போகிறவர்களுக்கு

செயின்ட் லூயிஸிலிருந்து ஹெர்குலேனியம் சுமார் 50 கிலோமீட்டர். பான் டெரும் பார்க் ஹில்ஸும் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பஸ்ஸை நம்ப முடியாது, கார் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் நல்ல பருவம். சுரங்கத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் சக்கை மணலில் விளையாட வேண்டாம். சாப்பிடும் முன் கை கழுவ மறக்க வேண்டாம்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் அளவுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. பழைய பேட்டரிகளைக் கண்ட இடத்தில் உடைத்து உருக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரியவரின் பானையில் இருந்ததும் அதே உலோகம்தான். நம் இன்வெர்ட்டர் பேட்டரி தேய்ந்தால், கூட நூறு ரூபாய் தருகிறேன் என்கிறவரிடம் போடாமல், புது பேட்டரி வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்று விதியே இருக்கிறது. ஈயச் சொம்பு வாங்கினால், சுத்த வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதில் காரீயம் கலந்திருக்கலாம்.

பித்தளை இளித்தால் இளித்துவிட்டுப் போகட்டும். ஈயத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.